கோயில் மதில் நிறத்தில் ஓர் அணி

படத்தைக் காட்டியது என்னுடைய பிழைதான்.

ஸ்பெயினின் வடக்கே பில்பாவோ நகரில், ஓர் உதைபந்தாட்ட ரசிகர் மன்றத்தில் நான் சமையற்காரன். ரசிகர் மன்றம் என்றதும் நடிகரின் படத்துக்குப் பாலூற்றும் கூட்டத்தை நினைக்க வேண்டாம். நகரத்து அணி விளையாடும் நாட்களில் கூடியிருந்து சாப்பிட்டு, தொண்டை கிழியக் கத்தி, தோற்றால் இன்னும் கொஞ்சம் சாப்பிடுகிறவர்களின் மண்டபம் அது. ஒரு நாள் குசினியில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தபோது, ஊரிலிருந்து மருமகன் அனுப்பிய படமொன்றைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் இருக்கிற எங்கள் புளியங்கூடல் ஊர் அணியின் படம். மன்றத் தலைவி இத்சியார் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில், சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் குசினிக்குள் வந்துவிட்டார்கள்.

படத்தில் நின்ற பதினொரு பேரில் பத்துப் பேர் சிவப்பும் வெள்ளையும் நெடுங்கோடாக இறங்கும் சட்டை போட்டிருந்தார்கள். பந்துக்காப்பாளர் மட்டும் பச்சை. எல்லோருக்கும் கறுப்புக் காற்சட்டை. அச்சு அசல் பில்பாவோ அணியின் உடுப்பு.

“உலகத்தின் அந்த மூலையில் நமக்கு ஆட்கள் இருக்கிறார்கள். இத்தனை வருடமாக நீ வாயைத் திறக்கவில்லையே!” என்றார் இத்சியார்.

எனக்கே தெரியாது என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் ஊருக்குப் போக இருந்த நேரம் அது. மன்றத்தின் கொடி ஒன்றைச் சுருட்டி என் கையில் தந்தார்கள். கூடவே ஒரு படிவம். எப்போது தொடங்கினீர்கள், எத்தனை பேர் இருக்கிறீர்கள், எங்கள் அணியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அதில் மூன்று கேள்விகள். பதில் இல்லாமல் குசினிப் பக்கம் வந்துவிடாதே என்றார் இத்சியார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சிரித்துக்கொண்டு சொல்வதையும் செய்து முடிக்கிற மனுசி அவர்.

வியாழக்கிழமை யாழ்ப்பாணத்தில் மினிபஸ் ஏறினேன். மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் சக்கரம் ஒன்று காற்றுப் போய் உட்கார்ந்துவிட்டது. பில்பாவோவில் ட்ராம் இரண்டு நிமிடம் பிந்தினால் பலகையில் மன்னிப்பு ஓடும். இங்கே கொண்டக்டர் கதவைத் தட்டி, “எல்லாரும் இறங்கிக் கடற்காத்து வாங்குங்கோ. உங்கட ஊரில உப்பிடிக் காத்து இருக்கோ?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மன்னிப்பை விட அது நன்றாக இருந்தது. சக்கரம் மாற்றும் நேரத்தில் என் கையிலிருந்த சுருளைக் காட்டி அது என்னவென்று கேட்டார். ஸ்பெயினிலிருந்து வருகிறேன், ஓர் உதைபந்தாட்டக் கழக விசயமாகப் புளியங்கூடலுக்குப் போகிறேன் என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை.

பஸ் புளியங்கூடலுக்கு வருவதற்கு முன்பே கதை வந்து சேர்ந்துவிட்டது. வாசிகசாலை முற்றத்தில் முப்பது பொடியன்கள் சப்பாத்துக் கட்டி வரிசையில் நின்றார்கள். தாய்மார் பாடசாலைச் சான்றிதழ்களைப் பொலித்தீன் உறையில் வைத்திருந்தார்கள். ஸ்பெயினின் பெரிய கழகம் ஒன்று ஆள் எடுக்க வந்திருக்கிறதாம். வந்த ஆள் நான்தானாம்.

“இவன் ரெண்டு காலாலையும் அடிப்பான், அண்ணை. ஒருக்கால் பாருங்கோ” என்றார் ஒரு தாய்.

“சாப்பாடும் இருப்பிடமும் அவையள் குடுப்பினம்தானே?” என்றார் இன்னொருவர். அவருடைய மகனுக்கு வயது பத்துத்தான் இருக்கும்.

எங்கள் ஊர்க் கழகத்தின் செயலாளர் வதனி ரீச்சர் ஒரு கதிரையைப் போட்டு என்னை உட்கார வைத்தார். ஊர்ப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறவர். பக்கத்தில் தலைவர் சபாரத்தினம் அண்ணை இருந்தார். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கடிதத்தையும் பிந்தவிடாதவர் என்று பெயர். ஒரு கருத்தையும் மாற்றாதவர் என்றும் பெயர்.

நான் எழுந்து உண்மையைச் சொன்னேன். நான் ஒரு சமையற்காரன். ஆள் எடுக்க வரவில்லை. எடுக்க வந்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் பில்பாவோ அணி பிற ஊர் ஆட்களைச் சேர்ப்பதில்லை. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரன் வாசலில் வந்து நின்றாலும், பில்பாவோவைச் சுற்றியுள்ள பாஸ்க் நாட்டுக்காரன் இல்லையென்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

“பிறகு எப்பிடி வெல்லுறாங்கள்?” என்று யாரோ கேட்டார்கள்.

அது நியாயமான கேள்வி. மற்றக் கழகங்கள் உலகமெல்லாம் கடை போட்டு ஆள் வாங்க, இவர்கள் நம்முடைய மாகாணம் அளவே உள்ள ஒரு நிலத்தில் தேடுகிறார்கள். இருந்தும் முதற்பிரிவிலிருந்து ஒருமுறையும் கீழே விழுந்ததில்லை. நாற்பது வருடம் நாட்டின் கிண்ணம் கிடைக்காமல் இருந்து, கடைசியில் கிடைத்தபோது அதை ஒரு படகில் ஏற்றி ஆற்று வழியாகக் கொண்டு வந்தார்கள். இரண்டு கரையிலும் ஊரே நின்று அழுதது. நானும் கரண்டியோடு போய் நின்று அழுதேன். இதையெல்லாம் சொல்லச் சொல்ல, வரிசையில் நின்ற பொடியன்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிலத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சட்டைக்கும் ஒரு கதை உண்டு. இரும்பு ஏற்ற வந்த ஆங்கிலேயரும், இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய நகரத்துப் பிள்ளைகளும் சேர்ந்து பழக்கிய விளையாட்டு அது. முதலில் நீலமும் வெள்ளையும்தான் போட்டார்களாம். புதுச் சட்டை வாங்க இங்கிலாந்துக்கு ஒருவரை அனுப்ப, அவர் தேடிய நிறம் அகப்படவில்லை. வெறுங்கையோடு திரும்ப வெட்கப்பட்டு, துறைமுக நகரில் கிடைத்த சிவப்பு வெள்ளைக் கோட்டுச் சட்டைகளைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார் என்று சொல்வார்கள். ஊர்க் கொடியும் அதே நிறம் என்பதால் அடி வாங்காமல் தப்பினார்.

“நீங்கள் ஏன் இந்தச் சட்டையைத் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று படிவத்தை விரித்துக்கொண்டு சபாரத்தினம் அண்ணையைக் கேட்டேன்.

“உதென்ன கேள்வி? எங்கட கோயில் மதிலைப் பாத்துத் தைச்சது” என்றார்.

முற்றத்துக்கு எதிரே அம்மன் கோயில் மதில் நின்றது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. பிறந்ததிலிருந்து பார்த்த மதில். பில்பாவோவின் பெயரைக்கூட இங்கே ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. என் குசினி வேலை போனது என்று நினைத்துக்கொண்டு படிவத்தை மடித்தேன்.

சபாரத்தினம் அண்ணைக்கோ முகமெல்லாம் வெளிச்சம். “அப்ப அவங்களும் எங்களை மாதிரித்தான். சொந்த ஊர்ப் பொடியள் மட்டும்! கேட்டீரோ ரீச்சர்?” என்றார். ரீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பொடியன்களை வீட்டுக்கு அனுப்பப் போய்விட்டார். ஏன் என்று அடுத்த நாள்தான் எனக்கு விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமை நெடுந்தீவில் ஆட்டம். தீவுகளுக்கிடையிலான போட்டியில் அதுதான் கடைசி. தோற்காமல் வந்தாலே கிண்ணம் புளியங்கூடலுக்கு. பெரிய ஆட்டத்துக்கு முன்னால் சட்டைகளை நயினாதீவு அம்மனிடம் கொண்டுபோய்ப் பூசை செய்விப்பது கழகத்தின் வழக்கம். பில்பாவோவில் கிண்ணம் கிடைத்தால் மாதா கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். இங்கே கிடைப்பதற்கு முன்பே போய்விடுகிறார்கள். முந்திக்கொள்வது நல்லதுதான் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை குறிகட்டுவான் துறையில் படகேறி, வேட்டியும் வெறும் மேலுமாகக் கோயிலுக்குள் போனோம். ஐயர் தட்டத்திலிருந்த சட்டைகளை எண்ணிப் பார்த்து, “போன முறை பச்சைச் சட்டையில குங்குமம் கூடிப்போச்செண்டு குறை சொன்னது ஆர்?” என்று கேட்டார். எல்லோரும் யூட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். யூட்தான் பந்துக்காப்பாளர். எங்கள் தீவிலேயே இன்னோர் ஊரான அல்லைப்பிட்டியில் கடற்றொழில் செய்கிற இருபத்தைந்து வயதுப் பொடியன். வேதக்காரன். அம்மனிடமும் வருவான், ஊர்காவற்றுறைத் தேவாலயத்தில் மெழுகுதிரியும் கொளுத்துவான். இரண்டு கையாலும் பந்து பிடிக்கிற எனக்கு இரண்டு பக்கமும் ஆள் வேணும் என்று படகில் எனக்குச் சொல்லியிருந்தான்.

பூசை முடிந்து வெளிவீதியில் சபாரத்தினம் அண்ணை பெயர் கூப்பிட்டுச் சட்டை கொடுத்தார். கடைசியாகப் பச்சைச் சட்டை. யூட் கையை நீட்டிக்கொண்டு முன்னுக்கு வந்தான்.

“தயாபரன்” என்றார் சபாரத்தினம் அண்ணை.

தயாபரன் புளியங்கூடலில் பிறந்தவர், கொழும்பில் வங்கியில் வேலை. லீவில் வந்து சும்மா கோயில் கும்பிட வந்த மனுசன். அவருடைய வயிற்றுக்கு அந்தச் சட்டை போதாது என்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

“ஆள் இல்லாத காலத்தில கண்ணை மூடிக்கொண்டு விட்டனாங்கள். இனி ஏலாது. ஸ்பெயினிலயே சொந்த ஊர்ப் பொடியளை வைச்சுத்தான் ஆடுறாங்கள். அவங்களுக்கு இருக்கிற ரோசம் எங்களுக்கு இல்லையோ?” என்றார் சபாரத்தினம் அண்ணை. சொல்லிவிட்டு, சாட்சிக்கு என்னைப் பார்த்தார்.

நீட்டிய கையை யூட் மடக்கிக்கொண்டான். “பரவாயில்லை தலைவர்” என்று சொல்லித் தண்ணீர்ப் போத்தல்கள் இருந்த பையைத் தூக்கிக்கொண்டு துறைப் பக்கம் நடந்தான். வேலை போகும் என்று பயந்து வந்தவன், போன இடத்தில் இன்னொருவனுடைய இடத்தைப் பறித்துக்கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை மன்னிப்புக் கேட்க அல்லைப்பிட்டிக்குப் போனேன். யூட்டின் தாய் மரியம்மா அக்கா என்னை வாய் திறக்க விடவில்லை. பனையோலைப் பிளாவில் ஒடியற்கூழை ஊற்றிக் கையில் தந்துவிட்டார். நண்டு, இறால், பயற்றங்காய், மீன்தலை எல்லாம் அதற்குள் இருந்தன. பில்பாவோவில் நான் சமைக்கிற உப்புக்கருவாட்டு மீனைப் பெரிய பெரிய ஆட்கள் வந்து புகழ்ந்திருக்கிறார்கள். இந்தக் கூழுக்கு முன்னால் அது நோயாளிச் சாப்பாடு. மன்னிப்புக் கேட்க வந்தவன் மூன்று பிளா குடித்தேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், நான்கு.

“நீங்கள் இதுக்கு ஏன் கவலைப்படுறியள்?” என்றார் மரியம்மா அக்கா. “சண்டை நேரம் இஞ்ச அந்தக் கொலையள் நடந்த பிறகு, இவனைக் கையில பிடிச்சுக்கொண்டு புளியங்கூடலுக்குத்தான் ஓடினனாங்கள். எட்டு வருசம் அங்கதான் இருந்தனாங்கள். பள்ளிக்கூடமும் அங்க, பந்தும் அங்க. அந்தத் திடலில விழாத இடம் இவனுக்கு இல்லை. அவையள் வேண்டாமெண்டா, வேண்டாம்தான்.” சொல்லிக்கொண்டே எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். போனவர் கொஞ்ச நேரம் வரவில்லை.

பிளாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வியாழக்கிழமை நான் பாதிக் கதைதான் சொல்லியிருந்தேன். பில்பாவோ அணியின் வழக்கம் சொந்த நாட்டில் பிறந்தவன் மட்டும் என்பதல்ல. அங்கே பிறந்தவன், அல்லது பந்து உதைக்க அங்கே பழகியவன். இதை மறக்கக்கூடிய ஆள் நான் இல்லை. என் மகள் ஆரணி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் பிறந்து, நான்கு வயதில் பில்பாவோவுக்கு வந்தவள். இன்றைக்கு அந்தக் கழகத்தின் சிறுமியர் அணியில் சிவப்பு வெள்ளைச் சட்டையோடு ஓடுகிறாள். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிற பாதியை மட்டும் சொல்லிவிட்டு, என் மகளை உள்ளே விட்ட பாதியை விழுங்கியிருக்கிறேன்.

சபாரத்தினம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆட்டத்துக்கு முதல்நாள் அவர் அதை அணைத்து அலுமாரிக்குள் வைத்துவிடுவாராம். வீட்டுக்குப் போனால், ஆள் வேலணைக்குப் போய்விட்டாராம். சரி, படகில் எங்கே ஓடுவார் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை குறிகட்டுவானில் கடல் நல்ல குணத்தில் இல்லை. நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலம். அணி, குழு உறுப்பினர்கள், மேளம் ஒன்று, யாரோ விற்கக் கொண்டுபோன ஆடு இரண்டு, நான். யூட்டும் வந்திருந்தான். கூரைமேல், தண்ணீர்ப் பைக்குப் பக்கத்தில் இருந்தான். கையுறைகளைக் கொண்டு வந்திருந்தான் என்பதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவன் பார்த்துப் பையை மூடினான்.

துறையை விட்டு வெளியே வந்ததும் எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. தயாபரனுக்கும்தான். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம். அந்த நிலையிலேயே சபாரத்தினம் அண்ணையைக் கூப்பிட்டு மிச்சப் பாதியைச் சொன்னேன். இரண்டு வசனம் சொல்வேன், கடலுக்குள் குனிவேன், நிமிர்ந்து அடுத்த இரண்டு வசனம் சொல்வேன்.

“உம்மட மகள் அந்த அணியிலயோ?” என்றார் அவர்.

“ஓம் அண்ணை.”

“அவள் பிறந்தது இஞ்ச. உம்மட மனிசியும் இஞ்சத்தை ஆள். பிறகு என்னெண்டு எடுத்தவங்கள்?”

“பந்து எங்க பழகினவள் எண்டு பாத்தாங்கள். அவங்கட திடலிலதான் பழகினவள். அவ்வளவுதான். அவளைக் கூட்டிக்கொண்டு போன அண்டைக்கு, கறுத்தப் பிள்ளை, பேர் வாயில வராத பிள்ளை, திருப்பி அனுப்பப் போறாங்கள் எண்டு வாசல்லயே நிண்டனான். ஒருத்தனும் அனுப்பேல்லை.”

சபாரத்தினம் அண்ணை கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வதனி ரீச்சர் மெதுவாகக் கிட்ட வந்து, “யூட் எட்டு வருசம் எங்கட பள்ளிக்கூடத்துப் பிள்ளை. நான்தான் அவனுக்குக் கணக்கு எடுத்தனான். கணக்கு வரேல்லை, பந்து வந்தது” என்றார்.

“தம்பி தயாபரன், நீர் பந்து எங்க பழகினீர்?” என்றார் சபாரத்தினம் அண்ணை, கடலிலிருந்து திரும்பி.

“கொழும்பில அண்ணை” என்றார் தயாபரன், தலையை நிமிர்த்தாமல். “அதுவும் கணினியில.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சபாரத்தினம் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, “உதை நீர் வியாழக்கிழமையே சொல்லியிருக்க வேணும். அரைக்கதை சொல்லி என்னை ஒரு பாவம் செய்ய வைச்சிட்டீர்” என்று திட்டினார். பிறகு தானே ஏணியைப் பிடித்துக் கூரைக்கு ஏறினார். அந்த வயதில், அந்த ஆட்டத்தில், பச்சைச் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு. மேலே என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. இறங்கும்போது தோளில் சட்டை இல்லை.

நெடுந்தீவுத் திடலைச் சுற்றிப் பவளக்கல் வேலி. மூலையில் நாலைந்து குதிரைகள் மேய்ந்துகொண்டிருந்தன. பில்பாவோ மைதானத்துக்குப் பேராலயம் என்று பட்டப்பெயர். அதற்குள் ஒரு பூனை வந்தாலே பத்திரிகையில் வரும். இங்கே நடுவர் விசில் ஊதுவதற்கு முதல் குதிரைகளைக் கலைத்தார். பெயர்ப் பட்டியலைப் பார்த்த நெடுந்தீவு அணியின் பொறுப்பாளர் பேனையால் ஓரிடத்தில் தட்டினார்.

“இந்தப் பொடியன் அல்லைப்பிட்டி எல்லோ? ஊர்ப் பொடியள் மட்டும்தான் எண்டு நீங்கள்தானே பெருமை அடிக்கிறனீங்கள்?”

“எங்கட பொடியன்” என்றார் சபாரத்தினம் அண்ணை. “எங்கட திடலில விழுந்தெழும்பினவன். வேற ஏதும் கேக்க இருக்கோ?”

பொறுப்பாளர் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். யூட் கையுறையை இறுக்கிக்கொண்டே நின்றான். இறுக்கி முடிந்த பிறகும் இறுக்கினான்.

ஆட்டத்தைப் பற்றி நீட்டி முழக்க எனக்கு அறிவு போதாது. முதற்பாதியில் யூட் தன் கால்களுக்கிடையே ஒரு சோம்பேறிப் பந்தை விட்டான். சபாரத்தினம் அண்ணை கண்ணை மூடினார். பிற்பாதியில் நாங்கள் ஒன்று போட்டோம். கடைசி நிமிடங்களில் மேல்மூலைக்கு வந்த பந்தொன்றை யூட் விரல் நுனியால் தட்டி வெளியே போட்டுவிட்டு, விழுந்த இடத்திலேயே கிடந்தான். ஒன்றுக்கு ஒன்று. கிண்ணம் எங்களுக்கு. நான் வதனி ரீச்சரின் குடையை உடைத்துவிட்டேன்.

திரும்பும்போது கடலுக்குக் கோபம் தணிந்திருந்தது. பொடியன்கள் கிண்ணத்தைக் கூரையில் கட்டி, மன்றத்துக் கொடியை அதன் மேல் விரித்து, “பில்பாவோ மாதிரி, பில்பாவோ மாதிரி” என்று குதித்தார்கள். கரையில் அழுவதற்கு ஊர் இல்லை. விலைபோகாமல் திரும்பி வந்த இரண்டு ஆடுகள்தான் கத்தின. சபாரத்தினம் அண்ணை படிவத்தை வாங்கி, மூன்றாம் கேள்விக்குக் கீழே தபாற்கந்தோர்க் கையெழுத்தில் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார்: “உங்களை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இந்த நிறம் எங்கள் அம்மன் கோயில் மதிலின் நிறம். உங்களுக்கு விருப்பமானால் நீங்கள் எங்களுக்கு ரசிகர் மன்றமாக இருக்கலாம்.” இத்சியாருக்கு இதைப் படம் எடுத்து, மொழிபெயர்த்து அனுப்பினேன். சம்மதம், சந்தா எவ்வளவு என்று பதில் வந்தது.

“நீர் ஊரை விட்டுப் போகும்போது ஒரு முட்டை பொரிக்கத் தெரியாத ஆள்” என்றார் சபாரத்தினம் அண்ணை பேனையை மூடிக்கொண்டு. “சமைக்க எங்க பழகினீர்?”

“அங்கதான் அண்ணை. அந்தக் குசினியிலதான்.”

“அப்ப நீர் சொன்ன வழக்கத்தின்படி, நீர் அவங்கட ஆள்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. இருபத்தைந்து வருடமாக அங்கே யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். அதை ஊர்க்காரர் ஒருவர், ஊர்க் கடலில் வைத்துச் சொன்னபோது, யாரோ என்னைப் படகிலிருந்து இறக்கிவிட்டதுபோல் இருந்தது. கண் கலங்கியதை மறைக்கக் கடலுக்குள் குனிந்தேன். திரும்பவும் வாந்தி என்று நினைத்துத் தயாபரன் என் முதுகைத் தடவினார்.

மேலே கூரையிலிருந்து ஒரு தலை நீண்டது. யூட். பச்சைச் சட்டையை அவன் இன்னும் கழற்றவில்லை.

“பிறந்தாலும் சரி, பழகினாலும் சரி எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், அண்ணை. நீங்கள் பிறந்தது இஞ்சதானே?” என்றான். “திரும்பவும் அரைக்கதை சொல்லாதேங்கோ.”

சபாரத்தினம் அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு படிவத்தை மறுபடி விரித்து, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்ற கேள்விக்கு எழுதியிருந்த எண்ணை வெட்டி, ஒன்று கூட்டி எழுதினார். படகு குறிகட்டுவான் துறையில் முட்டியது. யூட் கயிற்றோடு முதலில் குதித்துக் கரையிலிருந்து எனக்குக் கையை நீட்டினான். பிடித்துக்கொண்டு இறங்கினேன்.